மின்சார வண்டி வாங்கலாமா?

மூன்றாம் ஆண்டு பொருளியல் மாணவி ஒருவர்

ஆடி பிறந்தால் ஊருக்கு ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். நகரத்தில் கடைக்குக் கடை தள்ளுபடிப் பலகை கட்டுவார்கள். சேலைக்கும் பாத்திரத்துக்கும் இருந்து வந்த இந்த ஆடித் தள்ளுபடி, இப்போது சாலையில் ஓடும் வண்டிக்கும் வந்துவிட்டது. காந்திபுரத்திலிருந்து சத்தி சாலையில் வடக்கே போகிறவர்கள் பார்த்திருக்கலாம். "மின்சார ஸ்கூட்டர், இருபதாயிரம் குறைவு, இன்றே கடைசி" என்று எழுதிய துணிப் பதாகை ஒன்று இருந்தது. அந்தக் "கடைசி நாள்" இரண்டு மாதம் நீடித்ததை நானே எண்ணிப் பார்த்தேன்.

நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள்: "நீ வாங்கிவிட்டாயே, நாங்களும் வாங்கலாமா?" வாங்கலாம் என்பதே என் விடை. ஆனால் தள்ளுபடிக்காக வாங்கக் கூடாது. தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்த பிறகே வாங்க வேண்டும். இதைச் சொல்லவே இக்கட்டுரை. பொருளியல் படிக்கிறவள் ஆதலால் கணக்கைச் சற்று விரித்துச் சொல்வேன், பொறுத்தருள்க.

என் ஊர் கோவில்பாளையத்தை அடுத்த ஒரு சிற்றூர். வீட்டை ஒட்டிய சாளையில் நான்கு விசைத்தறிகள். அப்பா கூலிக்கு நெய்கிறார். எனக்குக் கல்லூரியில் இரண்டாம் ஷிப்ட். மாலை ஆறு மணிக்கு வகுப்பு முடிந்து, காந்திபுரத்தில் பேருந்து ஏறி, கோவில்பாளையத்தில் இறங்கி, எங்கள் ஊர்ப் பேருந்துக்குக் காத்திருந்து வீடு சேரும்போது எட்டரை ஆகும். சில நாள் ஒன்பதும் ஆகும். இரண்டாம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் கடைசிப் பேருந்து போய்விட்டது. அப்பா தறிகளை நிறுத்திவிட்டுச் சைக்கிளில் வந்து என்னை அழைத்துப் போனார். மறுநாள் காலை அத்தை வந்தார். "ஏனுங்ண்ணா, இருட்டுக்கு முன்னால ஊடு வந்து சேராத படிப்பு நமக்கு எதுக்குங்?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னை அச்சுறுத்தியது. வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். மௌனத்தோடு எப்படி வாதாடுவது?

அன்றிரவு அம்மா, ஏலச் சீட்டில் எடுத்த அறுபதாயிரம் ரூபாயைப் பற்றிப் பேச்செடுத்தார். அது தறிக்கு உதிரிப் பாகம் வாங்க வைத்திருந்த பணம். "அம்மிணிக்கு ஒரு வண்டி வாங்கிக் குடுத்துடலாமுங்க. இன்னும் ஒரு வருசந்தானே" என்றார். ஆக, என் மூன்றாம் ஆண்டுப் படிப்பு ஒரு வண்டியின் விலையில் வந்து நின்றது.

பெட்ரோல் வண்டியைத்தான் முதலில் நினைத்தோம். போக வர நாற்பது கிலோமீட்டர். லிட்டருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டர் என்றாலும், பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி விற்கும்போது, நாளுக்குத் தொண்ணூறு ரூபாய். மாதம் 22 நாளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். வாங்குவது ஒரு முறை. பெட்ரோல் போடுவது தினம். எங்கள் வீடு அதைத் தாங்காது. அப்போதுதான் மின்சார வண்டியின் பக்கம் கண் திரும்பியது.

மின்சாரமும் மோட்டாரும் கொங்கு மண்ணுக்குப் புதியவை அல்ல. 1930-களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்த பிறகுதான் கோவையில் நூற்பாலைகள் பெருகின; கிணற்றடியில் கவலை ஓட்டிய மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் 1937-இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடு அவர்களின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதை உருவாக்கியவர் தா. பாலசுந்தரம் நாயுடு. அவர் பின்னர் நிறுவிய டெக்ஸ்டூல் நிறுவனத்தின் பெயரைத்தான் கணபதியில் நாம் தினமும் கடக்கும் பேருந்து நிறுத்தமும் பாலமும் தாங்கி நிற்கின்றன. மின்சார ஸ்கூட்டர் என்று பலரும் பேசத் தொடங்குமுன்பே, 2008-இல், ஹேமலதா அண்ணாமலை என்னும் பெண்மணி இதே கோவையில் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் ராணிப்பேட்டையிலும் மின்சார இருசக்கர வண்டிகள் உருவாகின்றன. மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருக்கும் ஊர் இது. ஆகவே மின்சார வண்டியைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை. ஆனால் மயங்கவும் வேண்டியதில்லை.

மயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பெரியப்பா வீடே சாட்சி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். அறுபத்தெட்டாயிரம் என்று போட்டு அடித்து நாற்பத்தைந்தாயிரத்துக்குக் கொடுத்தார்களாம். "லைசென்சு வேண்டாமுங்க, பதிவு வேண்டாமுங்க, ஆர்.டி.ஓ. ஆபீசுப் பக்கமே போக வேண்டாமுங்க" என்று கடைக்காரர் சொன்னது அவருக்குத் தேனாக இனித்தது. முதல் ஆறு மாதம் வண்டி ஓடியது. பிறகு ஐம்பது கிலோமீட்டர் முப்பதாயிற்று, முப்பது பதினைந்தாயிற்று. பாட்டரியை மாற்றலாம் என்று போனால் கடை இருந்த இடத்தில் பிரியாணிக் கடை இருந்தது. இன்று அந்த வண்டி வேப்ப மரத்தடியில் நிற்கிறது. கால் வைக்கும் பலகையில் கோழி முட்டையிடுகிறது. "நாப்பத்தஞ்சாயிரத்துக்குக் கோழிக்கூடு வாங்குன ஆளு நாந்தான்" என்று பெரியப்பாவே சிரித்துக்கொள்கிறார். சிரிப்புக்குப் பின்னால் ஒரு பருவத்து மஞ்சள் விற்ற பணம் இருக்கிறது.

அவரிடம் சொன்னதில் பொய் ஏதும் இல்லை என்பதே வேடிக்கை. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் உடைய மின் வண்டிக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்பது சட்டம் கொடுத்த விலக்கு. ஆனால் அந்த விலக்குக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் சத்தி சாலையில் லாரிகளுக்கும் கல்லூரிப் பேருந்துகளுக்கும் நடுவே போவது எத்தகைய ஆபத்து! காய்கறி வாங்கவும் பள்ளியில் பிள்ளையை விடவும் உள்ளூரில் ஓட்ட ஏற்ற வண்டியை, தினம் நெடுஞ்சாலையில் போகிறவரிடம் விற்றால் அது யாருக்குச் செய்த தள்ளுபடி? மேலும், மலிவு வண்டிகள் பலவற்றில் இருப்பது பழைய ஈய அமில பாட்டரி. கனம் மிகுதி, ஆயுள் குறைவு. பலகையில் எழுதிய விலையில் அடுத்த பாட்டரியின் விலை சேர்வதில்லை.

எங்கள் அப்பாருக்கு எண்பது வயது. அவர் இந்தப் பேச்செல்லாம் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இளவயதில் ஒரு காளையை விற்று, யாரோ கழித்துப் போட்ட ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைப் பாதி விலைக்கு வாங்கினாராம். மாதம் ஒரு முறை காயில் புகைந்துவிடும். கட்டிக்கொண்டு வருவதற்குள் பயிர் வாடிவிடும். "காளையும் போச்சு, வெள்ளாமையும் போச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மிணி, வெலையக் கொறைக்கறவன் கூடவே வேற எதையக் கொறைக்கறான்னு பாத்துக்க" என்றார். மூன்று ஆண்டுகள் நான் படித்த பொருளியலில் இதைவிடத் தெளிவான பாடம் ஒன்றைக் கண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அப்பாரு சொன்னதை அளவுகோலாக வைத்துக்கொண்டு பார்த்தால் தள்ளுபடி மூன்று வகைப்படும். முதலாவது, அரசு கொடுப்பது. இரண்டாவது, பழைய மாடலைத் தள்ளிவிட்டுப் புதியதை நிறுத்த இடம் வேண்டும் என்று கம்பெனி கொடுப்பது. மூன்றாவது, பொருளிலேயே குறைத்துவிட்டு விலையிலும் குறைத்ததாகக் காட்டுவது. முதலிரண்டும் நியாயமானவை. மூன்றாவதுதான் வேப்ப மரத்தடிக்குப் போகிறது.

அரசின் பங்கைப் பற்றி நம்மில் பலருக்குத் தெளிவில்லை. மத்திய அரசு 2015-இல் "ஃபேம்" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் வந்தது. 2021 ஜூனில் இருசக்கர வண்டிக்கான மானியம், பாட்டரியின் ஒவ்வொரு கிலோவாட்மணிக்கும் 15,000 ரூபாயாக, விலையில் 40 விழுக்காடு வரை என்று உயர்ந்தது. 2023 ஜூனில் அது 10,000 ரூபாயாகவும் 15 விழுக்காடாகவும் குறைந்தது. 2024 ஏப்ரலில் 5,000 ரூபாய், அதுவும் வண்டிக்குப் பத்தாயிரத்துக்கு மேற்படாமல். அதே ஆண்டு அக்டோபரில் "பி.எம். இ-டிரைவ்" திட்டம் வந்தது, 2025 ஏப்ரல் முதல் அத்திட்டத்தில் 2,500 ரூபாய், வண்டிக்கு ஐயாயிரத்துக்கு மேற்படாமல் என்றாயிற்று. அரசின் கை இப்படிச் சுருங்கி வந்திருப்பதில் வியப்பில்லை. குழந்தைக்கு நடைவண்டி நிரந்தரமல்ல. ஆனால் கடைகளில் இன்னும் "அரசு மானியம் போகத் தள்ளுபடி விலை" என்று பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். எவ்வளவு மானியம், எவ்வளவு கம்பெனியின் குறைப்பு என்று தனித்தனியே எழுதித் தரக் கேளுங்கள். நான் கேட்டேன். முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் எழுதித் தந்தார்கள். இரண்டாவது கடையில்தான் வாங்கினோம்.

வரியும் ஒரு வகைத் தள்ளுபடியே. மின் வண்டிக்குச் சரக்கு சேவை வரி 2019 ஆகஸ்டில் 12-லிருந்து 5 விழுக்காடாயிற்று. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 28 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆயிற்று. ஆக, இரண்டுக்கும் உள்ள விலை இடைவெளி முன்போல் இல்லை. தமிழ்நாடு அரசின் 2023-ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை 2025 டிசம்பர் இறுதி வரை சாலை வரியிலிருந்து விலக்களித்தது. நாங்கள் வாங்கியபோது அந்த விலக்கு எங்களுக்குக் கிடைத்தது. வாங்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்பதைக் கடைக்காரர் வாயால் அறியாமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அறிவது நல்லது.

இனி வண்டியின் உயிர்நாடிக்கு வருவோம். மின் வண்டியின் விலையில் பெரும்பங்கு பாட்டரிக்கே உரியது. லித்தியம் அயனி பாட்டரியை உலகுக்கு அளித்த குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2010-இல் ஒரு கிலோவாட்மணிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற பாட்டரித் தொகுப்பு, 2024-இல் உலக சராசரியாக 115 டாலருக்கு வந்துவிட்டது. நம்மைப் போன்றவர்கள் மின் வண்டியை நினைத்துப் பார்க்கவே முடிந்தது இந்த வீழ்ச்சியினால்தான். ஆனால் இந்தப் பாட்டரிக்கு ஒரு குணம் உண்டு. ஓடினாலும் அதற்கு வயதாகும். சும்மா நின்றாலும் வயதாகும். சார்ஜ் முழுக்க இறங்கிய நிலையில் கடைக் குடோனில் மாதக்கணக்காகக் கிடந்தால் அதன் ஆயுள் தேய்ந்துவிடும். பழைய இருப்பைத் தள்ளுபடியில் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வண்டி தயாரான மாதமும் ஆண்டும் சேசிஸ் எண்ணிலேயே இருக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டி தயாரான நாளிலிருந்தா, விற்ற நாளிலிருந்தா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வாரண்டி ஆகாது.

அடுத்தது, வீட்டில் சார்ஜ் போடும் இடம். இதைத் தள்ளுபடிப் பலகையில் யாரும் எழுதுவதில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் வண்டி தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர். 2024 பிப்ரவரியில் சீனாவின் நான்ஜிங் நகரில், கீழ்த்தளத்தில் மின் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தீ மூண்டு பதினைந்து பேர் உயிரிழந்தனர். நம் நாட்டில் 2022-இல் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பிறகு பாட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. அவை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. ஆகவே அந்த விதிகளுக்கு முற்பட்ட இருப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். புதிய வண்டியாயினும், வாசற்படியிலோ மாடிப்படியின் அடியிலோ நிறுத்திச் சார்ஜ் போடக் கூடாது. தீ என்றால் ஓடும் வழியே அதுதானே! நாங்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து, சாளையின் வெளிச்சுவரில் எர்த்தோடு தனியாக ஒரு பிளக் பாயிண்ட் வைத்தோம். அதற்கு ஆன செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

இங்கே ஒரு செய்தி. அந்த எலக்ட்ரீஷியன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "தறி லைன்ல இழுத்துட்டாப் போச்சுங்க. ரெண்டு மாசத்துக்கு ஆயிரம் யூனிட்டு சும்மாத்தானே வருது. வண்டிக்குக் கரண்டுச் செலவே இருக்காது." விசைத்தறிக்கு அரசு தரும் அந்த இலவச மின்சாரம் 2023-இல் 750 யூனிட்டிலிருந்து ஆயிரமாக உயர்ந்தது உண்மைதான். அப்பா தலையாட்டவில்லை. "அது நெய்யறதுக்குக் குடுத்ததுங்க. ஊட்டு லைன்லயே போடுங்க" என்றார். கூலி உயர்வு கேட்டு மாதக்கணக்காகத் தறியை நிறுத்திப் போராடியவர்களில் அவரும் ஒருவர். உரிமையைக் கேட்டு வாங்குகிறவனுக்கு அதன் எல்லையும் தெரியும் என்பதை அன்று கண்டேன்.

இப்போது மின் கட்டணக் கணக்கு. நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. மாதம் முப்பது யூனிட். இரண்டு மாதப் பில்லில் அறுபது. எங்கள் வீட்டில் முன்பு 380 யூனிட் வரும். இப்போது 440 வருகிறது. கூடுதல் செலவு இரண்டு மாதத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாய் அளவே. ஆனால் ஏற்கெனவே 480 யூனிட் ஓடும் வீடாக இருந்தால் கணக்கு மாறும். 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். அப்படியும் பெட்ரோலுக்கு ஈடாகாது என்பது உண்மையே. எனினும் "கிலோமீட்டருக்கு இருபது பைசா" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்பாமல், உங்கள் வீட்டு மின் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா விளம்பரமும் மின் வண்டியைப் பெட்ரோல் வண்டியோடுதான் ஒப்பிடுகிறது. நான் வந்தது பெட்ரோல் வண்டியில் அல்ல, நகரப் பேருந்தில். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் மின் வண்டியால் எனக்கு ஒரு காசும் மிச்சமில்லை, இழப்பே. அப்படியானால் ஏன் வாங்கினோம்? நேரத்துக்காக. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மிச்சம். காலையில் கணபதியில் ஒரு கணக்கு எழுதும் அலுவலகத்தில் மூன்று மணி நேர வேலை, மாதம் ஐயாயிரம் ரூபாய். மாலை ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். அத்தை இப்போது ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே தோழியரே, பேருந்து உங்களை வேளைக்குக் கொண்டு சேர்க்குமானால், அக்கம் பக்கத்தார் வாங்குகிறார்களே என்று கடன்பட்டு வண்டி வாங்காதீர்கள். எனக்குப் பேருந்து போதவில்லை, அதனால் வாங்கினேன்.

நாங்கள் வாங்கியது முந்தைய ஆண்டு மாடல். தயாராகி எட்டு மாதம் ஆகியிருந்தது. காப்பீடு உட்பட ஒரு லட்சத்து எட்டாயிரம். கம்பெனி குறைத்தது பதினைந்தாயிரம். மீதி 93,000-இல் சீட்டுப் பணம் அறுபதாயிரம் போக, அம்மாவின் வளையலைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தோம். அந்த எட்டு மாதப் பழைமைக்கு ஈடு பதினைந்தாயிரம் என்றால் அது நியாயமான பேரம் என்று எனக்குப் பட்டது. பாட்டரியைச் சோதித்துக் காட்டினார்கள். வாரண்டி விற்ற நாளிலிருந்து என்று முத்திரையோடு எழுதித் தந்தார்கள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். எழுபதைத் தாண்டி நான் பார்த்ததில்லை. பின்னால் ஆள் ஏறினால் அதுவும் குறையும். ஒரு நாள் உறவினர் வீட்டுக்குச் சுற்றிப் போய்த் திரும்பும்போது, சரவணம்பட்டியில் வண்டி நின்றுவிட்டது. ஒரு பெட்டிக்கடைக்காரர் தம் கடையில் சார்ஜ் போட்டுக்கொள்ள விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு முறை சிறிய உதிரிப் பாகம் ஒன்றுக்காகப் பதினொரு நாள் காத்திருந்தேன்; அந்த நாட்களில் என்னைச் சுமந்தது அதே நகரப் பேருந்துதான். தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருக்கும் ஊரில், இந்த வண்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் இல்லாமல் கம்பெனிப் பட்டறையின் தயவில் நிற்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆதலால் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, பழைய இருப்பை விற்கும் கடை ஒவ்வொன்றும் பாட்டரியின் நிலையை அளந்து சான்று தர வேண்டும் என்று அரசு விதிக்க வேண்டும். கறவை மாடு வாங்குகிறவர்கூடப் பால் கறந்து பார்த்துத்தானே வாங்குகிறார்! இரண்டு, நம் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் மின் வண்டி பழுதுபார்க்கும் பயிற்சி பரவலாக வேண்டும். காயில் கட்டும் கைகளுக்கு இதுவும் வசப்படும் என்பதில் ஐயமில்லை. மூன்று, மாணவருக்கும் ஒரு வழி வேண்டும். 2018-இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் தந்தது. அது இப்போது நடைமுறையில் இல்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இணையவழிச் சேவைத் தொழிலாளர் இரண்டாயிரம் பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் அறிவித்தார்கள், வரவேற்கத்தக்கது. குஜராத் அரசு 2020-இல் மாணவருக்கே மின் ஸ்கூட்டர் மானியமாக 12,000 ரூபாய் அறிவித்தது. மானியம் தர இயலாவிட்டாலும் போகட்டும். கல்லூரி வாகனக் கொட்டகையில் பாதுகாப்பான நான்கு சார்ஜ் இணைப்புகள் வைக்கலாமே. அதற்கான மின் கட்டணத்தை நாங்களே செலுத்துகிறோம்.

எங்களுக்கு வண்டி வந்துவிட்டது என்பதற்காகப் பேருந்தைக் குறைத்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். வண்டி வாங்க வளையல் இல்லாத வீடுகளும் எங்கள் ஊரில் உண்டு. என்னோடு கோவில்பாளையத்தில் காத்திருந்த மாணவி ஒருத்தி இன்னமும் அங்கேதான் நிற்கிறாள். முடிந்த நாட்களில் என் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன். முடியாத நாட்களில் அவள் பேருந்து வேளைக்கு வர வேண்டும்.

வண்டி வந்து ஏழு மாதமாயிற்று. மாசியில் என் சம்பளப் பணத்தில் அம்மாவின் வளையல் திரும்பி வந்தது. தறிக்கு வேண்டிய உதிரிப் பாகம் இன்னும் வாங்கவில்லை. அந்தக் கடன் என் கணக்கில் நிற்கிறது. அப்பாரு தினமும் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து வண்டிச் சத்தத்தை எதிர்பார்ப்பார். இந்த வண்டிக்குச் சத்தமில்லை என்பது அவருக்கு ஒரு குறை. "வந்ததே தெரியறதில்லையே கண்ணு" என்பார்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்கு அது போதும்.